பதிவேட்டில் ஏறாத இருவர்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து தன்பாலினத் திருமணத்தைப் பார்த்தல்

1. எல்லையும் கேள்வியும்

புதுச்சேரியின் வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே பேருந்தில் போகிறவர், அரியூரைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். கண்டமங்கலம் கடந்து திருவாண்டார்கோயில் வந்தால் மறுபடியும் புதுச்சேரி. சில மைல் தூரத்துக்குள் இரண்டு முறை எல்லை மாறுவதை வண்டியில் இருப்பவர்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை. பாகூர்ப் பக்கமும் அப்படித்தான். கடலூர் மாவட்டத்து ஊர்களும் புதுவை ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடக்கின்றன. பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் இங்கே யாரும் எல்லை பார்த்ததில்லை. சட்டம் மட்டும் பார்த்து வந்திருக்கிறது.

தன்பாலின இணையரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டுமா என்ற விவாதத்தில் மறுப்பவர்கள் இரண்டு வாதங்களைத் திரும்பத் திரும்ப முன்வைக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்வதே திருமணம், அது என்றும் மாறாத ஒற்றை வடிவம் என்பது முதல் வாதம். இது நகரத்து மேட்டுக்குடியினரின் கோரிக்கை, கிராமத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது இரண்டாவது. 2023இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் இவ்விரண்டையும் முன்வைத்தது. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இரண்டாவது வாதத்துக்குத் தம் தீர்ப்பில் நேரடியாகவே பதில் சொன்னார். கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணும் பால்புதுமையினராக இருக்கலாம் என்பது அதன் சாரம்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில் நடவு நடும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்க்க விரும்புகிறேன். அவள் இன்னொரு பெண்ணோடு வாழ விரும்பினால் இந்த மண்ணின் சட்ட வரலாறு அவளுக்கு என்ன சொல்கிறது? ஊர் என்ன சொல்கிறது?

2. குற்றம் இங்கே எப்போது வந்தது

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆங்கிலேயர் விட்டுச் சென்றது என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. அந்தச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன.

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1791இல் கொண்டுவந்த தண்டனைத் தொகுப்பில் தன்பாலின உறவு குற்றப்பட்டியலிலேயே இடம்பெறவில்லை. 1810இல் நெப்போலியன் காலத்துத் தொகுப்பும் அதைச் சேர்க்கவில்லை. 1942இல் போர்க்காலப் பிரான்சின் விஷி அரசு இத்தகைய உறவுக்கான சம்மத வயதை உயர்த்தி ஒரு பாகுபாட்டை நுழைத்தது. 1982இல் அது நீக்கப்பட்டது. வயதுவந்த இருவர் தம் வீட்டுக்குள் வாழ்வதைக் குற்றமாக்கும் பிரிவு பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கவில்லை. ஆக, அடுத்திருந்த தென்னார்க்காடு மாவட்டத்து வரப்பில் நிற்பவருக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கக்கூடிய செயல், வரப்பைத் தாண்டி பாகூர்ப் பக்கம் வந்தால் சட்டப்படி குற்றமே இல்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1963ஆம் ஆண்டுச் சட்ட விரிவாக்க ஒழுங்குமுறை வழியாக இந்திய தண்டனைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. 377ஆம் பிரிவும் அதோடு வந்து சேர்ந்தது. விடுதலை கொண்டுவந்த நன்மைகளுக்கு நடுவே இந்த ஒரு தீங்கும் ஒட்டிக்கொண்டு வந்ததை நம் வரலாற்று நூல்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் விரும்பிக் கொள்ளும் உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. வில்லியனூரில் அந்த உறவு குற்றமாக இருந்த காலம் 55 ஆண்டுக்கும் சற்றுக் குறைவு. அங்கே பிறந்து வளர்ந்த எண்பது வயதுக்காரர் ஒருவரின் இளமையில் அது குற்றமாக இல்லை, நடுவயதில் குற்றமாக இருந்தது, முதுமையில் மறுபடியும் குற்றமில்லாமல் போனது.

இதை வைத்துக்கொண்டு பிரெஞ்சு ஆட்சியைப் புகழ முடியாது. தண்டனை இல்லாதது வேறு, ஏற்பு வேறு. கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) ஊர்களில் மனிதரின் நடத்தைக்கு அளவுகோல் வைத்தது பாரீசில் எழுதப்பட்ட தொகுப்பு அல்ல, சாதியும் உறவுமுறையும்தான். இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. 'காலங்காலமாக நம் மண்ணில் இது குற்றம்' என்று சொல்பவர் வில்லியனூரிலோ பாகூரிலோ நின்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பானது.

3. ஒரே தெருவில் பல திருமணச் சட்டங்கள்

திருமணம் ஒற்றை வடிவம் என்ற வாதம் புதுச்சேரியில் இதைவிடவும் பலவீனமானது. 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைப்படுத்தியபோதே, உள்ளூர் மக்களின் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படி தீர்க்கப்படும் என்று விதிவிலக்கும் கொடுத்தது. 1880இல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான குடிநிலைப் பதிவு உள்ளூர் மக்களுக்கும் விரிந்தது. புதுவைப் பெரியவர்கள் இன்றும் அதை 'எத்தா சிவில்' என்றுதான் சொல்கிறார்கள்.

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை இன்னும் துணிவான ஒன்றைச் செய்தது. ஓர் இந்தியர் அலுவலர் முன்னால் சென்று, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக அறிவித்துக் கையெழுத்திட்டு, ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டால், அன்று முதல் அவரும் அவர் வழியினரும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். இவர்களே 'ரெனோன்சான்' எனப்பட்டவர்கள். காலில் செருப்பணிந்து நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இந்த இயக்கத்தின் முன்னோடி; லாப்போர்த் என்ற பெயரை ஏற்றார். சாதியின் பிடியிலிருந்து வெளியேற ஒரு வாயிலாகவே பலரும் இதைப் பார்த்தார்கள்.

இந்தப் பிளவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, 2ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. இவர்களைத் தவிர, 1962க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. 'சொல்தா' வீடு என்று ஊர் அடையாளம் சொல்லும் முன்னாள் படைவீரர் குடும்பங்களும் இவற்றில் அடங்கும்.

பிரான்ஸ் 1999இல் ஆண், பெண் வேறுபாடு பார்க்காத இணைவாழ்வு ஒப்பந்தத்தையும், 2013 மே மாதத்தில் தன்பாலினத் திருமணத்தையும் சட்டமாக்கியது. விளைவை ஒரு தெருவில் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு இளம்பெண்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே திருவிழாவில் தேர் பார்த்தவர்கள். ஒருத்தியிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது, மற்றவளிடம் இந்தியக் கடவுச்சீட்டு. முதலாமவள் தனக்குப் பிடித்த பெண்ணைப் பிரான்ஸ் போய் மணந்துகொண்டால் அங்கே சட்டப்படி மனைவி; ஊருக்குத் திரும்பினால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் அந்த மணமே இல்லை. இரண்டாமவளுக்கு அந்த வாயிலும் கிடையாது. ஒரே மண்ணில் பிறந்தவர்களின் மணவுரிமையைத் தாத்தா போட்ட கையெழுத்து தீர்மானிக்கிறது. திருமணச் சட்டம் வரலாற்றில் மனிதர் செய்தது, மனிதர் மாற்றியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

4. கூத்தாண்டவர் முன் கட்டிய தாலி

சமூக ஏற்பு என்று வரும்போது ஆய்வாளர்களும் ஊடகங்களும் உடனே கை நீட்டுவது கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழாவின் பக்கம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே, பிள்ளையார்குப்பத்தில், கூத்தாண்டவர் கோயில் திருவிழா நடக்கிறது. திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானை மணந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். களப்பலிக்குப் பின் தாலியறுத்து அழுகிறார்கள். கூவாகத்தில் நேர்த்திக்கடனாக ஊர் ஆண்களும்கூடத் தாலி கட்டிக்கொள்வதுண்டு. ஆண் உடலோடு பிறந்தவர் கழுத்தில் தாலி ஏறுவதை இந்த வட்டாரத்துக் கிராமம் தலைமுறை தலைமுறையாகத் தன் கண்ணாலேயே பார்த்து வந்திருக்கிறது என்பது உண்மை.

இதை நம் மரபின் தாராளத்துக்குச் சான்றாகக் காட்டும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. அந்த முடிவை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்த மணத்தின் ஆயுள் ஓர் இரவு. மறுநாள் வெள்ளைச் சேலை. மணமகன் தெய்வம்; அவனோடு அடுப்பு மூட்டவோ, வீடு கட்டவோ, வயதான பின் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவோ வழியில்லை. சடங்குக்குள் அனுமதித்த ஒன்றைத் தெருவுக்குள் ஊர் அனுமதித்ததில்லை. திருநங்கையரைத் தெய்வத்தின் மனைவியாக வணங்கிவிட்டு, அடுத்த நாள் வாடகைக்கு வீடு தர மறுக்கிற ஊரும் இதே ஊர்தான். அதோடு, அந்தக் களத்தில் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு இடமே கிடையாது.

ஆனாலும் அந்தத் திருவிழாவின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. திருநங்கையரை ஊர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேருக்கு நேர் பார்த்தது. அந்தப் பழக்கம் அவர்களின் பின்னாளைய உரிமைக் குரலுக்கு ஒரு தொடக்கத்தைக் கொடுத்தது. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் பாலின அடையாள உரிமையை ஏற்றது. 2019 ஏப்ரல் 22 அன்று, தூத்துக்குடியில் ஓர் ஆணை மணந்த திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தம்பதிக்குக் கோயிலில் ஏற்கெனவே மணம் முடிந்திருந்தது. அவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தது பதிவேட்டில் ஒரு வரிக்காக.

5. நீதிமன்றம் திறந்ததும் திறக்காததும்

முன்னே சொன்ன வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை ஆகாது என்று ஒருமனதாகச் சொன்னது. இணைவாழ்வுக்காவது அரசு சட்டத் தகுதி தர வேண்டும் என்ற கருத்து இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. திருநர், ஆண்-பெண் உறவில் இருந்தால் நடப்புச் சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மற்றவை சட்டமன்றத்தின் வேலை என்று விடப்பட்டன. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9இல் தள்ளுபடியாயின.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 'எந்த இரு நபர்களும்' என்றுதான் தொடங்குகிறது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று பின்னால் வரும் வயது நிபந்தனை அந்தத் தொடக்கத்தைக் குறுக்கிவிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் 'எந்த இரு இந்துக்களும்' என்றே தொடங்குவது.

சென்னை உயர் நீதிமன்றம் வேறு வழியில் நடந்திருக்கிறது. அதன் அதிகார எல்லைக்குள்தான் புதுச்சேரியும் வருகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரு பெண்கள் பாதுகாப்பு கேட்ட வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்தார். இவ்விஷயத்தில் தமக்கு முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே எழுதிய தீர்ப்பு அது. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அவர்களை மதிப்போடு குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அந்தக் காவலர் விதி கண்டமங்கலம் காவல் நிலையத்துக்கு உண்டு. தனிக் காவல்துறை கொண்ட புதுச்சேரியின் வில்லியனூர் காவல் நிலையத்துக்கு இல்லை. குற்றம் வரப்போடு நின்ற காலம் போய், பாதுகாப்பு வரப்போடு நிற்கும் காலம் வந்திருக்கிறது.

2025 மே மாதம், வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருத்தியைப் பெற்றோர் அடைத்து வைத்திருந்த வழக்கில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு இன்னொரு படி ஏறியது. தன்னை அடித்து, 'சரியாக்க' என்று சொல்லிச் சடங்குகளுக்கு உட்படுத்தியதாக அந்தப் பெண் நீதிபதிகளிடம் கூறினாள். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அல்ல, தன்பாலின இணையரும் குடும்பமாகலாம் என்று அமர்வு ஏற்றது. கிராமத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்தச் சடங்குகள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆணை விரும்பும் ஆணுக்கு இங்கே கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு வேப்பிலையும் பூட்டிய அறையும்.

6. ஊர் மாறியிருக்கிறதா?

பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கருத்தாய்வில், இந்தியாவில் 53 விழுக்காட்டினர் தன்பாலினத் திருமணச் சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தனர். 43 விழுக்காட்டினர் எதிர்த்தனர். பெரிய மாற்றம்தான். ஆனால் இந்த எண்ணைக் கொண்டு கிருமாம்பாக்கத்தையோ மங்கலத்தையோ அளப்பது கடினம். முன்பின் தெரியாத ஒருவர் 'சட்டம் வரலாமா' என்று கேட்டால் வரும் பதில் ஒன்று. 'உங்கள் வீட்டில்' என்று கேட்டால் வரும் பதில் இன்னொன்று.

நம் ஊர்களில் நடப்பதை 'ஏற்பு' என்று சொல்வதைவிடப் 'பேசாமல் விடுவது' என்று சொல்வதே பொருந்தும். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் 'அக்கா தங்கச்சி மாதிரி' என்பார்கள். இரண்டு ஆண்கள் என்றால் 'கூட்டாளிங்க'. அந்தச் சொற்கள் அவர்களுக்கு ஒரு நிழல் தருகின்றன. இருவரில் ஒருவர் இறக்கும் வரை. இறந்த அன்று அண்ணன் தம்பிகள் வருகிறார்கள், உடலை எடுக்கிறார்கள், வீட்டைப் பூட்டுகிறார்கள். இருபது ஆண்டு கூடவே வாழ்ந்தவர் வாசலில் அயலாராக நிற்கிறார். மௌனத்தை ஏற்பு என்று கணக்கில் எழுதுவது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

இங்கே எதிர்ப்பின் வேர் மதத்தில் மட்டும் இல்லை. கிராமத்தில் திருமணம் என்பது நிலமும் சாதியும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வழி. சம்பந்தம் யாரோடு என்பதை இரு வீட்டாரும் பங்காளிகளும் முடிவு செய்கிறார்கள். சாதி மாறி மணந்தவர்களையே வெட்டிப்போடும் ஒரு சமூகத்தில், சம்பந்தம் என்ற ஏற்பாட்டையே செல்லாததாக்கும் இணையைக் கண்டு வரும் கோபம் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. சாதிமறுப்புத் திருமணத்துக்குப் பேசுகிறவர்கள் இந்தக் கோரிக்கையை அடுத்த வீட்டு விவகாரமாக நினைக்கக் கூடாது.

'சமூகம் முதலில் மாறட்டும், சட்டம் பிறகு வரட்டும்' என்ற அறிவுரைக்கு நம் வரலாற்றிலேயே மறுப்பு உண்டு. 1920களின் இறுதியில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களை ஊர் ஏளனம் செய்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, இனி நடப்பவற்றோடு அதுவரை நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான இணையர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாகவே வாழ்ந்தார்கள். ஊர் முழுதும் மனம் மாறிய பிறகு வந்த சட்டம் இல்லை அது. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் ஊரின் ஏளனம் ஓய்ந்தது.

7. அட்டையும் பதிவேடும்

அன்றாடம் என்ன கிடைக்கிறது? 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் துறைகள் சில சுற்றறிக்கைகளை அனுப்பின. குடும்ப அட்டைக்குத் தன்பாலின இணையரை ஒரே குடும்பமாகக் கருதலாம். இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை மற்றவர் கணக்கின் நியமனதாரராக (நாமினி) குறிப்பிடலாம். உறவினர் முன்வராத நிலையில் இறந்தவரின் உடலை இணையர் பெறலாம். புதுச்சேரியில் இவற்றின் பொருள் பெரிது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோரின் சிவப்பு அட்டையா, மேலுள்ளோரின் மஞ்சள் அட்டையா என்பதை ஒட்டித்தான் இங்கே அரிசியிலிருந்து பல உதவிகள் வருகின்றன. சிவப்பு அட்டைக் குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் என்ற திட்டம் 2023இல் தொடங்கியது. இரண்டு பெண்கள் வாழும் வீட்டில் தலைவி யார், அது குடும்பமா என்ற கேள்விக்கு அலுவலகத்து மேசையில் பதில் வேண்டும். ஆனால் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. அது சொத்துரிமை தராது, ஓய்வூதியம் தராது, மருத்துவமனையில் கையெழுத்திடும் உரிமையை உறுதி செய்யாது.

சட்டம் எங்கிருந்து வரும்? திருமணம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 5ஆவது இனம். 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேச அரசுகள் சட்டம் புதுச்சேரிப் பேரவைக்கு அந்தப் பட்டியலில் சட்டமியற்றும் அதிகாரம் தருகிறது. நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். கடினமான வழி, மூடப்பட்ட வழி இல்லை. ஒரு கையெழுத்தால் திருமணச் சட்டத்தையே மாற்றிக்கொள்ள 1881இல் வாயில் திறந்த ஊர், தன் பேரவையில் இதை ஒரு மசோதாவாகக்கூட எழுப்பாமல் இருக்கத் தேவையில்லை.

அதற்குக் காத்திருக்க வேண்டாதவையும் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் காவலர் விதிக்கு ஈடான ஒன்றைப் புதுச்சேரிக் காவல்துறை ஏற்கலாம். 2024 ஆகஸ்ட் சுற்றறிக்கைகளைத் தமிழில் அச்சிட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் குடிமைப்பொருள் அலுவலகத்திலும் ஒட்டலாம். இவற்றுக்கு ஓர் அரசாணை போதும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், இதைப் படிக்கும் புதுவை வாசகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே.

ஊராட்சி அலுவலகம் இதற்குச் சிறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெற்காசியாவில் முதலாவதாகச் சட்டப்படி பதிவான தன்பாலினத் திருமணம் எனப் போற்றப்படும் மணம் நேபாளத்தில் 2023 நவம்பர் 29 அன்று பதிவானது. அந்தப் பதிவைச் செய்தது தலைநகர் காத்மாண்டு அல்ல. லம்ஜுங் மாவட்டத்து டோர்டி ஊராட்சி அலுவலகம்.